அப்பா போனில் ஓடிய பாட்டு

வீட்டில் ஒருவனுக்கு செல்போன் பழுது பார்க்கத் தெரிந்துவிட்டால், அவனுக்கு எல்லாம் தெரியும் என்று மற்றவர்கள் நம்பிவிடுகிறார்கள். ஆபத்து என்னவென்றால், அவனும் நம்பிவிடுகிறான்.

என் மாமனாரின் பதினாறாம் நாள் படத்திறப்புக்குப் பாட்டுப் போடும் பொறுப்பு அப்படித்தான் என்னிடம் வந்தது.

"பாட்ட வெலைக்கு வாங்கிடு மாப்ள," என்றான் மச்சான் குமரன். "எதுல போட்டாலும் பாடும். நீ வெச்சிக்கினு இருக்கிறது வாடகைப் பாட்டு."

போனில் பாட்டு ஆப்பின் மாதச் சந்தாவில் லட்சம் பாட்டு இருக்க, யாராவது தனியாக வாங்குவார்களா? (அன்றைய என் ஞானம் அவ்வளவுதான்.)

அன்று காலையிலேயே வானம் மூடிக்கொண்டு, விளக்குப் போடும் அளவுக்கு இருட்டு. ஆப்பில் இறக்கிய பாட்டுகளை பென்டிரைவில் ஏற்றி மைக்செட்காரரிடம் கொடுத்தேன்.

"பேரு தெரியுது சார், பாட்டு வரமாட்டேங்குது," என்றார்.

அந்தப் பாட்டுகளுக்குப் பூட்டு உண்டு. ஆப்புக்கு வெளியே ஊமை. வேறு வழியின்றி என் போனையே ஸ்பீக்கரில் இணைத்தேன்.

மாமாவுக்குப் பிடித்த முருகன் பாட்டு ஆரம்பித்து, இரண்டாவது வரியில் நின்றது. திரையில் எழுத்து வந்தது: 'அப்பா போன் கருவியில் பாடல் ஓடிக்கொண்டிருக்கிறது.'

என் சந்தாவில் ஒரு நேரத்தில் ஒரு போனில்தான் பாடும். மாமா இருந்தபோது அவர் போனிலும் அதே கணக்கைப் போட்டுக் கொடுத்திருந்தேன்; அதற்கு 'அப்பா போன்' என்று பேர் வைத்தது என் மனைவி. அவர் இறந்த நாளிலிருந்து அந்த போன் பீரோவுக்குள் கிடந்தது.

மறுபடி அழுத்தினேன். பாடியது, நின்றது. அப்பா போன். இன்னொரு முறை. மறுபடியும் அப்பா போன். என் மனைவி கலாவிடம் திரையைக் காட்டினேன்.

"பீரோ பூட்டியிருக்குதுங்க. அதுல சார்ஜ் கூட இருக்காதே," என்றாள்.

மாலைக்கு நடுவிலிருந்து மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். படத்தருகே குனிந்து கிசுகிசுத்தேன். "மாமா, நீங்க கேக்குறது தெரியுது. இந்த ஒரு பாட்ட மட்டும் விட்டுக் குடுங்க. அப்புறம் நீங்களே வெச்சிக்குங்க."

பக்கத்தில் இருந்த மைக் ஆனில் இருந்தது. தெருமுனை வரை கேட்டதாம். யாரும் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் மோசம். ஒரு பெரியவர் எழுந்து படத்தைக் கும்பிட்டார். (இறக்கி வைத்த பாட்டுதானே, போனை ஏரோப்ளேன் மோடில் போட்டிருந்தாலே பாடியிருக்கும். பயத்தில் எது ஞாபகம் வரும்?)

பீரோவைப் பார்க்கக் குமரன் உள்ளே போனான். அவன் முதுகை ஒட்டிக்கொண்டு நானும் போனேன். தறி போட்டிருக்கும் அறையில் விளக்கில்லை. பாவு நூலுக்குப் பின்னால் நீல வெளிச்சத்தில் ஒரு முகம் மட்டும் தெரிந்தது. குமரனின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

அத்தை. என் மாமியார்தான். காதில் இயர்போன், மடியில் மாமாவின் போன்.

"கூட்டத்துல உக்கார முடியலபா. பீரோவத் தொறந்து போன எடுத்து, சார்ஜ் போட்டு அவரு பாட்ட கேக்கலாம்னு வந்தேன். போடப் போட நிறுத்திக்கினே இருக்குறாரு," என்றார்.

"யாரும்மா?" என்றான் குமரன்.

அத்தை அவனை விநோதமாகப் பார்த்தார். "உங்கப்பாதான். இருக்கும்போதும் நான் எந்தப் பாட்டு போட்டாலும் அவரு நிறுத்துவாரே."

சந்தா, கணக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

இன்றும் நான் மைக் பக்கம் போனால், "மாமாகிட்ட பர்மிஷன் வாங்கிட்டியா?" என்று சொந்தத்தில் யாராவது கேட்காமல் விடுவதில்லை.

அந்த வாரமே மாமாவின் பாட்டுகளைப் பூட்டில்லாத எம்பி3-யாக வாங்கி, ஒரு சின்ன பிளேயரில் போட்டு அத்தைக்குக் கொடுத்தேன். ஒரு நாள் கேட்டுவிட்டுத் திருப்பித் தந்தார். "நல்லாதான் பாடுது. ஆனா இதுல யாரும் நிறுத்தமாட்டேங்குறாங்கபா."

சந்தாவை இன்னும் விடவில்லை. சாயங்காலம் 'அப்பா போன்' பாடுவதாகத் திரையில் வந்தால், நடுவில் ஒருமுறை நான் என் போனில் பாட்டை அழுத்திவிடுகிறேன்.