மறதிக்கு ஒரு பெல்ட்

வேலை செய்ய மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்கிற புருஷன் முட்டாள். கல்யாணமான புதிதில் நானும் அப்படித்தான் இருந்தேன். இப்போது தேறிவிட்டேன். எதைச் சொன்னாலும் சரி என்றுவிடுவேன். செய்கிற விதத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது.

அன்று கிரிக்கெட் இறுதிப் போட்டி. டாஸ் போடுகிற நேரமாகப் பார்த்து என் மனைவி வந்து நின்றாள்.

"என்னங்க, பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவுல இருக்கிற வேலிச்செடி ஆளுயரம் வளந்து கிடக்கு. இன்னிக்கு வெட்டிடுறீங்களா?"

"தாராளமா."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நான் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதே கிடையாது.

என் திட்டம் இதுதான். வேலி வெட்டப் பெரிய கத்தரி வேண்டும். தடித்த குச்சிக்குக் கட்டர். அதற்கும் மசியாத கிளைக்குச் சின்ன ரம்பம். முள்ளுக்குக் கையுறை. எல்லாவற்றையும் டிவி பக்கத்து அலமாரியில் வைத்தேன். ஒவ்வொன்றாக மறப்பேன். ஒவ்வொன்றாக எடுக்க வருவேன். வந்தவன் உடனே போய்விடுவேனா என்ன?

பெரிய கத்தரியோடு போனேன். நாலு இலை வெட்டினேன். திரும்பி வந்தேன்.

"என்ன, அதுக்குள்ள?"

"கட்டரை மறந்துட்டேன்."

ஒரு ஓவர் முழுசாகப் பார்த்தேன். உள்ளறையிலிருந்து அவள் குரல் வந்தது.

"உங்க பழைய நீல ஜீன்ஸ் வேணுமா?"

பந்து பவுண்டரியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. "வேணாம், நீயே எடுத்துக்கோ."

அடுத்து ரம்பத்துக்காக வந்தேன். அவள் தையல் மிஷினை விட்டு எழுந்து அளவு டேப்போடு வந்தாள்.

"அசையாம நில்லுங்க. இடுப்பளவு எடுக்கணும்."

டிவியைப் பார்த்தபடி சிலையாக நின்றேன். "நிதானமா எடும்மா, அவசரமே இல்ல." எனக்குப் புது பேண்ட் தைக்கப் போகிறாள் என்று உள்ளம் குளிர்ந்துபோனது.

கையுறைக்காக வந்தபோது பக்கத்து வீட்டு அம்மா மிஷின் அருகே உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டார்கள். எனக்கென்ன வந்தது? ஆட்டம் சூடு பிடித்திருந்தது.

கத்தரிக்கு எண்ணெய் போட வேண்டும் என்று மறுபடி வந்தேன். இந்தத் தடவை அவள் வாசலிலேயே மறித்தாள். கையில் நீலமாக ஒரு பெல்ட்.

"பாவம், எத்தனை தடவைதான் நடப்பீங்க? மனசே கேக்கல."

அவளே கட்டிவிட்டாள். கட்டருக்கு ஒரு உறை. ரம்பத்துக்கு நீளமாக ஒன்று. கையுறைக்குப் பை. பெரிய கத்தரியை மாட்ட வளையம். எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்தன. உட்கார முடியாதவன் நான் ஒருவன்தான்.

"எண்ணெய்?"

"இடது பக்கம்."

"தாகம் எடுத்தா?"

"பின்னால தடவிப் பாருங்க. பாட்டில் இருக்கு."

"வேர்த்தா?"

"துண்டு தொங்குது பாருங்க."

நான் அவ்வளவு லேசில் விடுகிற ஆளா? "போனுக்கு ஒரு பை தைக்கலையே," என்றேன் அலட்சியமாக. போன் கிடைத்தால் ஸ்கோராவது பார்க்கலாம்.

"அது என்கிட்டயே இருக்கட்டும். யாராவது கூப்பிட்டா, வேலையா இருக்கீங்கன்னு சொல்லிடுறேன்."

கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் சத்தமும் கேட்டது.

வெட்டினேன். உண்மையைச் சொன்னால் சௌகரியமாகத்தான் இருந்தது. கை போன இடத்தில் கட்டர் இருந்தது. குனியாமலே ரம்பம் வந்தது. அந்தச் சௌகரியத்தை நினைத்துத்தான் எனக்கு வயிறு எரிந்தது. உள்ளே டிவியில் ஒரே ஆரவாரம். கூடவே இரண்டு பெண்கள் கை தட்டுகிற சத்தம்.

ஆனாலும் நான் கலங்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரர் இருக்கிறார். கிரிக்கெட் என்றால் சோறு தண்ணி வேண்டாம் அவருக்கு. டிவி முன்னால்தான் இருப்பார். ஜன்னல் வழியாக ஒரு குரல் கொடுத்தால் பந்துக்குப் பந்து சொல்லிவிடுவார். வேலியின் நடுவே கடகடவென்று வெட்டி, ஆள் முகம் தெரிகிற அளவுக்கு ஒரு சந்து உண்டாக்கினேன்.

சந்துக்கு அந்தப் பக்கம் அவரே நின்றார். முகம் வியர்த்து வழிந்தது. கையில் கட்டர். இடுப்பில் என் ஜீன்ஸின் இன்னொரு கால்.

"சார்," என்றார் பரிதாபமாக, "ஸ்கோர் என்ன?"