ஐந்தாம் பக்கத்துத் திருகாணி

கதையைத் தொடுவதற்கு முன் கோட்பாட்டைக் கரைத்துக் குடித்திருக்க வேண்டும் என்பது அந்த இலக்கியத் துறையின் ஏகமனதான தீர்மானம். ஐந்து பருவம் கோட்பாடு. ஆறாவது பருவத்தில், காலம் அனுமதித்தால், ஒரு சிறுகதை. காலத்துக்குச் சிரமம் கொடுக்கக் கூடாதென்று ஒன்பதே பக்கக் கதையாகப் பார்த்து எடுத்திருந்தார்கள்.

இதை நடத்தியவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் தற்காலிகம். எட்டு வருஷமாகத் தற்காலிக விரிவுரையாளர். வெள்ளிக்கிழமை ஆய்வுக்குழு வந்து வகுப்பைப் பார்த்துத் தலையாட்டினால் நிரந்தரம், இல்லாவிட்டால் வீடு. "இந்தத் தடவையாவது வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க" என்று மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள்.

புதன்கிழமை கடைசி பெஞ்சுப் பெண் அவர் மேஜைக்கு வந்தாள். கையில் அந்தக் கதை உள்ள நூலகத்துப் புத்தகம். அதை இதுவரை யாரும் இரவல் வாங்கியதில்லை.

"சார், நம்ம நகல்ல அஞ்சாம் பக்கம் கதையே இல்லை. தண்ணி மோட்டார் கையேடு. ஜெராக்ஸ் கடையில கலந்துருச்சு போல."

நகலைப் புரட்டினார். 'இரண்டாவது திருகாணியை இடப்பக்கம் தளர்த்தி, காற்று முழுவதும் வெளியேறியபின் இறுக்கவும்' என்ற வரியின் மேல்தான் துறையே நின்றுகொண்டிருந்தது. மகள்மீது தகப்பன் செலுத்தும் அதிகாரமே அந்தத் திருகாணி என்று நிறுவி மூன்று பேர் முனைவர் ஆகியிருந்தார்கள். இடப்பக்கம் என்ற ஒரு சொல்லை வைத்துத் துறைத்தலைவர் புத்தகமே போட்டிருந்தார்.

"நிஜமான அஞ்சாம் பக்கத்துல என்ன இருக்கு?"

"அப்பா செத்துப்போறார் சார்."

வாங்கிப் படித்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பாவின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு மகள் நிற்கிறாள். இலக்கியம் படிக்க வந்தது இதற்குத்தான் என்பது இத்தனை காலம் கழித்து ஞாபகம் வந்தது.

துறைத்தலைவரிடம் ஓடினார். அவர் வாளித் தண்ணீரில் கை கழுவிக்கொண்டிருந்தார். மூன்று நாளாகக் கல்லூரி மோட்டார் ஓடுகிறது, தண்ணீர்தான் ஏறவில்லை.

"செத்தா சாகட்டும்யா. கதையை எழுதின ஆசிரியரே இறந்துட்டார்னு முதல் பருவத்துக் கோட்பாட்டுலயே சொல்லிட்டோம். அப்பன் எந்த மூலைக்கு?"

"அய்யா, கடைசிப் பக்கம் வரைக்கும் அவர் மகளை அடக்குறதா எழுதியிருக்கோமே."

"செத்த பிறகும் அடக்குறான். இன்னும் பலமான வாதம். குறிச்சு வையும்."

வெள்ளிக்கிழமை குழு முன்வரிசையில் அமர்ந்தது. தற்காலிகம் திருகாணியை விளக்கி முடித்ததும் அந்தப் பெண் எழுந்து, யாரும் கேட்காமலேயே உண்மையான ஐந்தாம் பக்கத்தை வாசித்தாள். குழுத்தலைவி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுபடி மாட்டியதும் பழைய ஆளாகிவிட்டார்.

"இது எந்தக் கோட்பாட்டு வாசிப்பும்மா?"

"கோட்பாடு இல்லை மேடம். கதை."

குழு தற்காலிகத்தைத் திரும்பிப் பார்த்தது. அவருக்கு மனைவியின் முகம் தெரிந்தது.

"கொஞ்சம் பின்தங்கின பொண்ணு மேடம்," என்றார். "எழுதியிருக்கறதை எழுதியிருக்கறபடியே படிக்கும்."

அன்று மாலையே நிரந்தரம் ஆனார். மேற்படி கதையின் இதர எட்டுப் பக்கங்கள் ஐந்தாம் பக்கத்துத் திருகாணியின் ஆழத்துக்கு ஈடுகொடுக்கவில்லை என்றும், அவற்றை நீக்கிவிட்டுக் கையேட்டையே முழுமையாகப் பாடமாக வைக்கலாம் என்றும் குழு பரிந்துரைத்தது. துறை கைதட்டி வரவேற்றது.

திங்கட்கிழமை குழாயில் தண்ணீர் வந்தது. யார் சரிசெய்தது என்று வாட்ச்மேனைக் கேட்டார்.

"உங்க கடைசி பெஞ்சுப் பொண்ணுதான் சார். கையில ஒரு தாளை வச்சுக்கிட்டு ரெண்டாவது ஸ்க்ரூவை இடப்பக்கம் திருப்புச்சு. புஸ்ஸுன்னு காத்து போச்சு, தண்ணி ஏறிடுச்சு. இத்தனை வாத்தியாருங்க இருக்கீங்க, யாருக்கும் தெரியலையே சார்."

நிரந்தரம் அந்தத் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டார். அறைக்குப் போய் அவளுடைய விடைத்தாளை எடுத்து, 'பாடத்தை முற்றிலும் தவறாகப் புரிந்துகொண்டுள்ளார்' என்று சிவப்பு மையில் எழுதி, தேர்ச்சிக்கு இரண்டு மதிப்பெண் குறைவாகப் போட்டார்.