ஐம்பத்தைந்து அங்குலத்தில் ஒரு கட்டைவிரல்

உங்களை சோபாவில் உட்காரவைத்து, கையில் தேநீரைத் திணித்து, மின்விசிறியை உங்கள் பக்கம் திருப்பிவிட்டு, "சும்மா ரெண்டே நிமிஷம்" என்று ரிமோட்டை எடுக்கிறாரே, அவர்தான் வீட்டுத் திரையர். ஓடிவிடுங்கள். முடியாது. உங்களுக்கும் உங்கள் செருப்புக்கும் நடுவில் அவர் நிற்கிறார்.

போனில் எடுத்த வீடியோவைப் போனிலேயே பார்ப்பது அவருக்குச் சமுத்திரத்தைக் குவளையில் பார்ப்பது மாதிரி. டிவியில்தான் போட வேண்டும். போட்டதும் என்ன தெரிகிறது? அத்தனை பெரிய திரையின் நடுவில் கதவிடுக்கு போல ஒரு கோடு. இரு பக்கமும் கும்மிருட்டு. உடனே போனைத் திருப்புவார், சாய்ப்பார், உதறுவார், தலைக்குமேல் தூக்குவார். அருவி ஒன்று படுத்துக்கொண்டே பாயும். நீங்கள் கழுத்தைச் சாய்த்து அதற்கு ஒத்துழைப்பீர்கள். படம் ஓடத் தொடங்கியதும் அவரும் ஓடத் தொடங்குவார், வாயால். எங்கே எடுத்தது, அன்றைக்கு வெயில் எப்படி, இதோ வரப்போகும் நாய் எப்படிப்பட்ட நாய். நாய் வராது. "இது இல்ல. இதுக்கு அடுத்தது."

என் அத்தானையே எடுத்துக்கொள்ளுங்கள். லிஃப்ட் மெக்கானிக். நகரத்தில் பாதிப் பேரை மேலே ஏற்றி இறக்குகிறவருக்குத் தன் வீட்டு டிவி மட்டும் மசியாது. என் அக்கா இறந்து எட்டு மாதம் ஆகிறது. வீட்டில் வீடியோ எடுப்பது எப்போதும் அவள்தான். அதனால் எதிலும் அவள் இல்லை. ஓரத்தில் லென்ஸை மறைக்கும் கட்டைவிரல் மட்டும் உண்டு.

"குரலாவது எதுலயாவது இருக்கும் மாப்ள. தேடிட்டே இருக்கேன்" என்பார். தேடுகிற முறைதான் விசேஷம். தனியாக உட்கார்ந்து தேட அவரால் ஆகாது. ஆள் வேண்டும்.

போன ஞாயிறு பிடிபட்டவர்கள் நானும், மாடி வீட்டுப் பல் டாக்டரும், அவர் மனைவியும். முதலில் அருவி. முக்கால் திரையை விரல் மறைத்திருந்தது.

"அவ கட்டைவிரல்தான். நல்லா வந்திருக்கு பாருங்க."

"நகம் ஆரோக்கியமா இருக்கு" என்றார் டாக்டர். வேறென்ன சொல்வார், பாவம்.

அடுத்து ரயில் நிலையம். அடுத்து இன்னொரு ரயில் நிலையம். நடுவில், வெளியூரில் வேலை பார்க்கும் மகளின் செய்தி திரை முழுக்க வந்து நின்றது: 'அப்பா, யாரையும் பிடிச்சு வச்சு வீடியோ காட்டிட்டு இருக்கீங்களா?' நாங்கள் மூவரும் படித்தோம். அத்தானும் படித்தார். "சின்னப் பொண்ணு" என்று தள்ளிவிட்டார்.

டாக்டர் மெல்ல எழுந்து ஒரு செருப்பை மாட்டிக்கொண்டார். ஊர் வாயையெல்லாம் திறக்க வைக்கிறவரால் இந்த ஒரு வாயை மூட வைக்க முடியவில்லை.

மூட வைத்தது ஒரு பிஸ்கட். முழுசாக வாயில் போட்டுக்கொண்டே அத்தான் அடுத்ததைத் தட்டினார். திரையில் ஒரு வாஷிங் மெஷின் ஆடிக்கொண்டிருந்தது. பழுது பார்க்கிறவரிடம் காட்ட எடுத்தது போலிருக்கிறது. விளக்கம் சொல்ல வாயைத் திறந்தார், பிஸ்கட் வழிவிடவில்லை. அந்த வீட்டில் எட்டு மாதத்தில் முதல்முறையாக ஒரு வீடியோ தனியாகப் பேசியது.

"ஏங்க, கொஞ்சம் வாய மூடுங்க. மெஷின் என்ன சொல்லுதுன்னு கேப்போம்." ஒரு கடகடப்பு. "கேட்டீங்களா? உங்க குறட்டையேதான். மெக்கானிக் வந்தா ரெண்டையும் சேத்துப் பாக்கச் சொல்லணும்." பிறகு அக்கா சிரித்த சிரிப்பில் கட்டைவிரல் குலுங்கியது.

அத்தான் பிஸ்கட்டை மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை. முதலில் சிரித்தது டாக்டரின் மனைவி. அப்புறம் எங்களுக்கும் நிற்கவில்லை.

"மறுபடி போடுங்க அத்தான்."

ஆறு தடவை போட்டார். பிறகு ஏதோ தோன்றி, பழைய அருவிக்குத் திரும்பினார். இம்முறை வாயைப் பொத்திக்கொண்டு. அருவிச் சத்தத்துக்குள் அக்கா: "தள்ளி நில்லுங்க, வழுக்கப் போகுது." ரயில் நிலையத்தில்: "பைய யாரு பாத்துக்கறா?" எல்லாவற்றிலும் இருந்தாள். எட்டு மாதமாக அவர்தான் அவளைப் பேசவிடவில்லை.

"நாப்பது பர்சென்ட்தான் சார்ஜ் இருக்கு" என்றார் அத்தான். ஒற்றைச் செருப்போடு டாக்டர் மாடிக்கு ஓடினார், சார்ஜர் எடுத்துவர.

நீங்கள் இந்த இனம் இல்லை என்கிறீர்கள். சந்தோஷம். போன வாரம் விருந்தாளிகளுக்கு உங்கள் வீட்டு வீடியோவைக் காட்டினீர்களே, அதில் பின்னாலிருந்து யாரோ என்னவோ சொன்னார்கள். என்ன சொன்னார்கள்? தெரியாது அல்லவா?

பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வாருங்கள். வாஷிங் மெஷின் இப்போது என் போனிலும் இருக்கிறது; அதை டிவியில் போட நேற்றுதான் ஒயர் வாங்கினேன். சும்மா ரெண்டே நிமிஷம்.