இறையியலுக்கு எந்த மேஜை?

கொரட்டூர்,
மார்ச் 2

கர்த்தருக்குள் பிரியமான மகள் ரோஷினிக்கு அப்பா ஞானமுத்து எழுதுவது. தேவ கிருபையால் நானும் அம்மாவும் இங்கே நலம். ஜெர்மனியில் குளிரும் நீயும் சமாதானமாக இருக்கிறீர்களா? போனில் பேசலாமே என்பாய். அம்மா கையிலிருந்து நான் போனை வாங்கினால் "நல்லா இருக்கீங்களாப்பா"வுக்கு மேல் நீ பேசுவதில்லை, அதனால்தான் கடிதம்.

நிற்க. நம் குடியிருப்பில் அறிவியல் தினக் கண்காட்சி வைத்தார்கள். ஆராய்ச்சி செய்யும் பிள்ளைகளின் படங்களை மேஜைவாரியாக வைப்பதாகச் செயலாளர் தினகரன் சொல்ல, நானும் உன் படத்தைக் கொடுத்தேன். போய்ப் பார்த்தால் இயற்பியல், வேதியியல், உயிரியல் எல்லாம் தாண்டி, "பிற" என்ற மேஜையில், காகிதப் பூவுக்கும் மாடித்தோட்டக் கத்திரிக்காய்க்கும் நடுவில் நீ சிரித்துக்கொண்டிருக்கிறாய். எனக்கு வந்ததே கோபம்! கேட்டால், "இறையியல் சயின்ஸ்ல வராதே சார், லேப் இருக்கா?" என்கிறார். உன் பல்கலைக்கழகத்தில் மருத்துவத்துக்கும் சட்டத்துக்கும் பக்கத்திலேயே அதற்குத் தனிப் புலம் இருக்கிறது, எபிரேயம், கிரேக்கம், பழைய ஏடுகள், சான்றில்லாமல் ஒரு வரி எழுதினாலும் பேராசிரியர் அடித்துவிடுவார் என்று அடுக்கினேன். "அப்ப நீங்களே மைக்ல அஞ்சு நிமிஷம் சொல்லுங்க" என்று மாட்டிவிட்டார். அரை மணி நேரம் பேசினேன். வேதியியல் மேஜையில் பிள்ளைகள் செய்துவைத்துக் காத்திருந்த மாதிரி எரிமலை பொறுமையிழந்து பொங்கி, தினகரனின் வெள்ளைச் சட்டை போச்சு. "கடவுளை எப்படி சார் ஆராய்ச்சி பண்றது?" என்று யாரோ கேட்க, "கடவுளை இல்லைங்க, கடவுளைப் பத்தி மனுஷங்க சொன்னதைத்தான் சோதிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டுத் திடுக்கிட்டேன். அது நீ சொன்னதாயிற்றே! நாலு வருஷத்துக்கு முன் சாப்பிடும்போது நீ அதைச் சொன்னாய். பாடியில் இருந்த ஃபேக்டரியில் முப்பது வருஷம் போல்ட்டுக்கு கேஜ் வைத்து அளவு பார்த்த திமிரில், "அளக்க முடியாததெல்லாம் படிப்பா? ரிஜெக்ட்!" என்றேன். நீ பாதியில் எழுந்து போனாய். அன்றிலிருந்துதான் நமக்குள் பேச்சு சுருங்கிப்போனது. தப்பு என்னுடையதுதான் மகளே.

மாடிப்படி கூட்டும் கெங்கம்மாள் மட்டும் என் பேச்சைக் கடைசிவரை நின்று கேட்டாள். "சாமியப் பத்திப் படிக்க அம்மாந்தூரம் போவணுமா சார்? இங்க இல்லாத சாமியா அங்க கீது?" என்றாள். அத்தனை நேரம் வாய் கிழியப் பேசிய மைக்கைத் தினகரனிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். மேலே வந்து உன் அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். உன் ஞாபகமாகவே இருந்தது.

அங்கேயே உனக்கு விரிவுரையாளர் வேலை தருகிறார்களாமே, அம்மா சொன்னாள். தயங்காமல் ஒத்துக்கொள். இங்கே வந்து என்ன செய்யப்போகிறாய்? எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. உன் படிப்பிலும், நீ தனியாகச் சமைக்கும் அடுப்பிலும் ஆண்டவர் கூடவே இருப்பாராக.

ஆசீர்வாதத்துடன்,
அப்பா

பி.கு.: அம்மா பக்கத்தில் நின்று வாசித்ததால் கடைசிப் பத்தியைப் பெருந்தன்மையாக எழுதிவிட்டேன். இப்போது அவள் கடைக்குப் போயிருக்கிறாள். அந்த வேலைக்கு இன்னும் சரியென்று சொல்லாதே. இறையியல் அறிவியலா என்பதில் எனக்கு இன்னமும் சந்தேகம்தான், தினகரனிடம் சொல்லிவிடாதே. என்னோடு சண்டை போடவாவது ஒரு தடவை வா, ரோஷினி.