படத்தில் இறந்துபோன மச்சானுக்கு

புதுச்சத்திரம்,
ஆவணி 3

மரியாதைக்குரிய மச்சான் வேலுசாமி அவர்களுக்கு, மாதேஸ்வரன் கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நானும் தங்கள் தங்கை மயிலம்மாளும் மகள் இனியாவும் இரண்டு எருமைகளும் சுகம். தாங்கள் சுகமாக இருப்பதைத் தங்கள் வாயாலேயே கேட்க ஆசை. ஊரில் வேறு மாதிரி பேசிக்கொள்கிறார்கள்.

பதினோரு நாளாகத் தங்கள் போன் அணைந்தே கிடக்கிறது. நேரில் பேசிவிடலாம் என்று செவ்வாய்க்கிழமை பரமத்தி வேலூருக்கே வந்தேன். தூரத்தில் என் தலையைக் கண்டதும் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் போன தாங்கள் வெளியே வரவே இல்லை. இரண்டு மணி நேரம் வரப்பில் உட்கார்ந்து பார்த்துவிட்டு நாமக்கல் பஸ்ஸைப் பிடித்தேன். ஆகவே இந்தக் கடிதம்.

எல்லாம் அந்தப் படத்தால் வந்த வினை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் மேனேஜராகவும் தாங்கள் டிரில்லராகவும் ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் போர் வண்டியில் சத்தீஸ்கர் போயிருந்தபோது, குழி போட இடம் பார்க்கிறோம் என்று காட்டுக்குள் நடந்து, வழி தவறி ஆறு நாள் அலைந்தோமே, அதைப் படமாக எடுக்கிறோம் என்று சென்னையிலிருந்து வந்து கேட்டார்கள். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு ஹோட்டலில் உட்காரவைத்து, காபி வாங்கிக் கொடுத்து, நான் சொன்னதையெல்லாம் போனில் பதிவு செய்துகொண்டார்கள். நடந்ததை நடந்தபடிதான் சொன்னேன், மச்சான். எனக்குக் கணுக்கால் பிசகி, தாங்கள் என்னை நாலு நாள் முதுகில் சுமந்ததைக்கூட விடாமல் சொன்னேன். அவர்கள் அதைத் தலைகீழாகத் திருப்பிவிட்டார்கள். படத்தில் நான் தங்களைச் சுமக்கிறேன். புலியோடு கட்டிப் புரள்கிறேன். உண்மையில் நாம் பார்த்தது ஒரு கரடியின் பின்பக்கம் மட்டும்தான், அதுவும் நம்மைக் கண்டு பயந்து ஓடிக்கொண்டிருந்தது. இலுப்பைப் பூவைத் தின்று நமக்கு வயிறு கலங்கிய இடத்தில் ஒரு பாட்டு வைத்திருக்கிறார்கள். சினிமா என்றால் அப்படித்தான், போகட்டும் என்று விட்டேன்.

ஆனால் படத்தில் நாலாம் நாள் பாம்பு கடித்து நீங்கள் என் மடியில் உயிரை விடுவீர்கள் என்று நான் நினைக்கவே இல்லை, சத்தியமாக. அதற்குக் காரணம் இனியாவின் காதுகுத்துப் போட்டோ. உங்கள் படம் ஒன்று வேண்டும் என்றார்கள். தாய்மாமன் என்று மாலை போட்டு, பெரிதாகக் குங்குமம் வைத்து, சபையில் உட்காரவைத்தோமே, அதைவிட நல்ல படம் உங்களுக்கு ஏது? அதைக் கொடுத்தேன். மாலையையும் பொட்டையும் பார்த்ததும் அந்தப் பட்டணத்துப் பிள்ளைகள், ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள். தாய்மாமனுக்கு உயிரோடு இருக்கும்போதே மாலை விழும் என்று அவர்களுக்கு யார் சொல்வது? படம் முடிந்ததும், மடியில் இருந்த இனியாவை வெட்டி எடுத்துவிட்டு, அதே போட்டோவுக்குக் கீழே விளக்கு ஒன்று எரிகிறது.

இதெல்லாம் தெரியாமல் நான் வேன் பிடித்து இருபத்திரண்டு சொந்தக்காரர்களை நாமக்கல் தியேட்டருக்குக் கூட்டிப் போனேன். பாம்பு கடித்ததுமே உங்கள் சின்னம்மா பாப்பாயி, “அய்யோ சாமி, வேலு, உனக்கா இந்தக் கதி!” என்று மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி எடுத்துவிட்டார்கள், முன்வரிசைக்காரர்கள் எழுந்து நின்று பார்க்கிறார்கள், “அத்தை, காத்தாலதானுங்க மச்சான் உங்களுக்கு வாழைத்தார் குடுத்து உட்டாரு” என்று நான் காதில் சொன்னால், “படம் ஆரம்பிக்கறப்ப கவர்மெண்டு சர்டிபிகேட்டுப் போட்டானே, கையெழுத்தோட, அது பொய்யா?” என்று என்னையே கேட்கிறார்கள், அதற்குள் இன்னும் நாலு பெண்கள் சேர்ந்து அழ, தியேட்டர்காரன் படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டு, அழுகை அடங்கிய பிறகுதான் மீதியை ஓட்டினான். வீட்டுக்கு வந்தால் பாப்பாயி அத்தை வாசற்படியை மறித்து நின்றுகொண்டு, “எழவு பாத்துட்டு தலைக்கு ஊத்தாம ஒருத்தரும் ஊட்டுக்குள்ள போவக்கூடாது” என்றார்கள். எருமைத் தொட்டியில் மோந்து இருபத்திரண்டு பேரும் குளித்தோம். மறுநாள் காலையில் எட்டுப் பேர் துக்கம் விசாரிக்க வந்துவிட்டார்கள். உங்கள் தங்கைக்கு அழுவதா காபி போடுவதா என்று தெரியவில்லை. காபி போட்டாள்.

உங்களுக்கு நேர்ந்ததும் காதுக்கு வந்தது. ரேஷன் கடையில் உங்கள் கைரேகையை மிஷின் ஏற்றுக்கொண்டதும் வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்களாம். கோபம் வராமல் என்ன செய்யும்? ஆனாலும் இனியா கல்யாணத்தைப் பற்றி மயிலம்மாளிடம் கடைசியாகப் பேசியபோது, “செத்தவன் வந்து பட்டம் கட்டுனா நல்லதுக்கு ஆகாது கண்ணு, வேற ஆளப் பாத்துக்குங்க” என்று சொல்லி வைத்தீர்களாமே, அதுதான் தாங்க முடியவில்லை. வேறு ஆளுக்கு நான் எங்கே போவேன்? ஆவணி பத்தொன்பதாம் தேதி முகூர்த்தம். தாய்மாமன் கையால் நெற்றியில் பட்டம் கட்டாமல் நம் வீட்டில் எந்தப் பெண் மணவறை ஏறியிருக்கிறாள்? இனியாவுக்கு இருப்பது ஒரே மாமன். மாமன் வராவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்று சரியாகச் சாப்பிடாமல் கிடக்கிறாள். குற்றம் முழுக்க சினிமாக்காரர்களுடையது. நான் சொன்னதற்கு அவர்கள் எடுத்த பதிவே சாட்சி. எவனோ செய்த தப்புக்கு வீட்டுப் பெண்ணைத் தண்டிப்பது நியாயமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

காவிரித் தண்ணீர் கடைமடை வரை குறையாமல் உங்கள் கொடிக்காலுக்கு வந்து சேரட்டும். உங்களுக்கு நூறு வயசு என்று நானும், துக்கம் விசாரிக்க வந்த எட்டுப் பேரும் வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் மாப்பிள்ளை,
மாதேஸ்வரன்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் ஒரு சங்கதி ஆகிவிட்டது. பதிவே சாட்சி என்று மேலே எழுதியிருக்கிறேன் அல்லவா, அதைப் படித்த இனியா, படக்காரர்களிடம் கேட்டு அந்தப் பதிவை வாட்ஸப்பில் வாங்கிவிட்டாள். மூன்று பேரும் உட்கார்ந்து கேட்டோம். “மச்சான நாலு நாளு முதுகுல தூக்கிச் சுமந்தனுங்க” என்று அதில் ஒருத்தன் அடித்துப் பேசுகிறான். குரல் என்னுடையதுதான்.

அன்றைக்கு அந்த ஹோட்டலுக்கு என் வேஷம் கட்டப்போகிற பையனும் வந்திருந்தான், மச்சான். ஆறடி உயரம். எதிரே உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் மூட்டையாகக் கிடந்தேன், தண்ணீர் கேட்டு அழுதேன், நீங்கள் சட்டையை ஓடையில் நனைத்து வந்து என் வாயில் பிழிந்தீர்கள் என்று சொன்னால் அந்தப் பிள்ளை என்னத்தை நடிப்பான்? ஒரு தடவை மாற்றிச் சொன்னதும், அப்படித்தான் நடந்தது என்று எனக்கே தோன்றிவிட்டது. புலியும் நான் சொன்னதுதான். பாம்பு மட்டும் அவர்களுடையது. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு விசேஷத்தில்கூட நீங்கள் என்னைச் சுமந்ததைச் சொல்லிக் காட்டியதில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது, மச்சான்.

மயிலம்மாள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். இனியா மட்டும் பேசினாள். “அப்பா, முகூர்த்தத்துக்கு முன்னால மைக்கப் புடிச்சு, சபையில நடந்ததச் சொல்லோணும். அப்புறந்தான் மாமன் பட்டம் கட்டோணும்” என்றாள். சரி சாமி என்று ஒப்புக்கொண்டேன். சொல்கிறேன். ஆனால் நீங்கள் எதிரே நிற்கவேணும். நீங்கள் இல்லாவிட்டால் மறுபடியும் மாற்றித்தான் சொல்வேன். என்னை எனக்குத் தெரியும்.