ஹைட்ரஜனை எண்ணாதே

வேதியியலுக்கும் சட்டம் ஒழுங்குக்கும் உள்ள உறவை உலகத்துக்கு முதலில் கண்டு சொன்ன பெருமை கள்ளக்குறிச்சியையே சேரும். எண்பத்தேழாம் வருடம், செப்டம்பர். மக்கள்தொகை எண்ணிக்கைக்கு ஏற்ற இடஒதுக்கீடு கேட்டு ஊரெங்கும் மறியல். சாலையில் புளியமரங்கள் குறுக்கே படுத்திருந்தன. தலைமையாசிரியர் கந்தசாமி அவசரக் கூட்டம் கூட்டி, "பள்ளி அமைதி" காக்கச் சுற்றறிக்கை விட்டார்: எண்ணிக்கை, விகிதம், பங்கு ஆகிய சொற்களுக்கு வளாகத்தில் தடை.

வேதியியல் ஆசிரியர் தமிழரசன் மெல்ல எழுந்தார். "சார், பரீட்சைக்கு வினைக்கட்டுப்பாட்டுக் காரணி வரும். ரெண்டு பொருள் சேரும்போது எது முதல்ல தீருதோ அதாங்க. விகிதம் பாக்காம எப்பிடி நடத்தறது?"

"எடை போடுங்க. எது கம்மியோ அது தீரும். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைல என் கரும்ப எவனாவது எண்ணிக்கினா இருக்கான்?"

மேதைமைக்கு மறுப்பு ஏது! தமிழரசனுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அன்றே வேதியியலைத் திருத்திவிட்டார்.

கரும்பு வெட்டும் பெரியம்மாளின் மகள் செந்தமிழ்ச்செல்விக்குத்தான் இது சிக்கலானது. பன்னிரண்டாவது முடித்து நர்ஸ் ஆக வேண்டும் அவளுக்கு. ஆனால் காலாண்டில் தவறியவர்களைப் பொதுத்தேர்வுக்கு அனுப்புவதில்லை. பள்ளியின் "நூறு சதவீதத் தேர்ச்சி" அப்படித்தான் விளைகிறது.

காலாண்டுத் தேர்வில் கேள்வி வந்தது: ஹைட்ரஜன் நான்கு கிராம், ஆக்சிஜன் பதினாறு கிராம். சேர்ந்து தண்ணீரானால் எது முதலில் தீரும்?

வகுப்பு முழுவதும் பணிவோடு 'ஹைட்ரஜன்' என்று எழுதியது. இவள் மட்டும் புத்தகத்தில் உள்ளபடி மூலக்கூறுகளை எண்ணித் தொலைத்தாள். ஹைட்ரஜனுக்குக் கனம்தான் இல்லை, தலைகள் அதிகம். அதில் பாதியளவு ஆக்சிஜன் வேண்டும், இருப்பதோ கால்தான். ஆகவே தீர்வது ஆக்சிஜன்.

கந்தசாமி அவளைத் தன் அறைக்கு அழைத்தார்.

"இன்னாம்மா, எண்ணிக்கினு கீற? யார் தூண்டிவுட்டது?"

"பாடப்புத்தகம் சார்."

"சரி, போவட்டும். அத்த அடிச்சிட்டு ஹைட்ரஜன்னு எழுது, பாஸ் போடறேன். இல்லன்னா பரீட்சைய மறந்துடு."

கருணையோடு தன் பேனாவையே நீட்டினார். அவள் பேனாவை வாங்கவில்லை.

"முடியாதுங்க சார். எங்க தெருவையே தூக்கி எடைமேடைல வச்சாலும் உங்க ஒரு லோடு கரும்புக்குக் காணாது. எண்ணிப் பாத்தாதான் சார், நாங்க இருக்கறதே தெரியும்."