நம் வீட்டு வாசலில் சர்க்கார் போர்டு

ராயக்கோட்டை,
1959, பங்குனி மாதம்.

சென்னைப் பட்டணத்தில் சர்க்கார் உத்தியோகம் பார்க்கும் மைத்துனர் முனிராஜ் அவர்களுக்கு, உங்கள் அக்காள் புருஷன் ராமப்பன் எழுதிக்கொண்டது. இங்கே நான், உங்கள் அக்காள் நாராயணம்மா, குழந்தை சரசம்மா, உழவு மாடு இரண்டு, கறவை எருமை ஒன்று, எல்லோரும் ஆண்டவன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். வீட்டுக்குத்தான் சுகமில்லை. அதைப் பற்றி எழுதவே இந்தக் கடிதம். ஆபீசில் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துப் படிக்கவும்.

சரசம்மாவுக்குப் பேரிகை திம்மராயன் மகனைப் பேசி முடித்திருப்பது உங்களுக்குத் தெரியும். பையன் பெங்களூர் ஃபாக்டரியில் பிட்டர் வேலை பார்க்கிறான், பீடி கிடையாது, நல்ல இடம். வைகாசியில் முகூர்த்தம், பெண் வீட்டில்தான் கல்யாணம் என்று பேச்சு. நிச்சயதார்த்தத்துக்கு வந்த சம்பந்தி திம்மராயன் நம் வீட்டு முன்கட்டை அண்ணாந்து பார்த்தார். பழைய கோட்டைக்காரர்களின் குதிரை லாயம் அது. தாத்தா காலத்துப் பாகப் பிரிவினையில் கிழக்குப் பாதி நமக்கும் மேற்குப் பாதி என் சித்தப்பா வகைக்குமாக வந்தது. "என்னா சம்பந்தி, குதிரை கட்டின எடத்துலயா எம் பையன் தாலி கட்டறது? இதை இடிச்சுப் போட்டுட்டு சிமெண்டுல ஒரு முகப்பு கட்டுங்க. எங்க ஜனம் பெங்களூர்ல இருந்தெல்லாம் வருது" என்றார். நானும் சரி என்று சொல்லி, செங்கல் கொண்டுவந்து இறக்கிவிட்டேன்.

நான் சந்தைக்குப் போயிருந்த ஒரு நாளில், பேண்ட் போட்ட ஒருவரும் டேப்பு பிடிக்க ஓர் ஆளும் வந்திருக்கிறார்கள். உங்கள் அக்காளுக்குப் பேண்ட் போட்டவர்கள் எல்லோரும் கொசு மருந்து அடிக்க வருகிறவர்கள்தான். அவர்களை வாசலிலேயே நிற்கவைத்துவிட்டு, அடுக்குப் பானை, ஊறுகாய் ஜாடி, பாய், தலையணை, அடைகாத்துக்கொண்டிருந்த கோழி உட்பட எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்து போட்டு, "அந்த மூலையில நல்லா அடிங்க சாமி, அங்கதான் அடைஞ்சு கெடக்குது" என்று சொல்லியிருக்கிறாள். அவரும் அந்த மூலைக்குப் போய், தூணைத் தடவிப் பார்த்து, "ஆகா" என்று சொல்லி, அளந்து எழுதிக்கொண்டு, மருந்து அடிக்காமலே போய்விட்டார். மேலதிகாரிக்கு எழுதிப் போட வேண்டும் என்று உங்கள் அக்காள் ஒரு வாரம் பிடிவாதம் பிடித்தாள். கோழி அதன்பிறகு அடையில் உட்காரவே இல்லை.

மாசி மாதம் ஒரு கட்டை வண்டி வந்து நின்றது. அதிலிருந்து நீல நிற இரும்புப் போர்டு ஒன்றை இறக்கி, நம் வாசலில் குழி தோண்டி, சிமெண்ட் போட்டு நட்டுவிட்டார்கள். மேலே இங்கிலீஷ், கீழே தமிழ். இது சர்க்காரால் பாதுகாக்கப்பட்ட புராதனக் கட்டடம், இதை இடித்தாலோ, மாற்றினாலோ, சேதப்படுத்தினாலோ, இதில் கிறுக்கினாலோ தண்டனை உண்டு என்று எழுதியிருந்தது. கட்டியவர் பேர் இருக்கிறது, தண்டனை இருக்கிறது, குடியிருக்கிறவன் பேர் எங்கேயும் இல்லை. மேற்குப் பாதியில் இருக்கும் பங்காளி எல்லப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். சோம்பேறித்தனத்தில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது, அவன் பாதியில் ஒரு கல்லை எடுத்து மறு கல் வைத்தவன் இல்லை. வந்தவன் போர்டைத் தெருவுக்கே கேட்கும்படி படித்து முடித்து, "ஏண்ணா, இனிமே நீ உங்க வூட்லயே வாடகைக்கு இருக்கற மாதிரிதானா?" என்று கேட்டான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவன் மகன் பிறந்த அன்றுகூட நான் பார்க்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

சரி, போர்டுதானே, நம் பாட்டுக்கு நாம் இருப்போம் என்று நினைத்தால், அதற்குக் காவலுக்கு ஓர் ஆளையும் போட்டார்கள். யாரை என்று நினைக்கிறீர்கள்? போன அறுப்பு வரைக்கும் நம் கழனியில் வேலை செய்த மதுரைவீரனை. காக்கிச் சட்டை, விசில், கையில் தடி. காலையில் வந்து நம் வாசற்படியில் உட்காருகிறான், உங்கள் அக்காள் கொடுக்கும் களியைச் சாப்பிடுகிறான், கையைக் கழுவிவிட்டு நான் என்ன செய்கிறேன் என்று பார்க்கிறான். காலண்டர் மாட்ட ஓர் ஆணி அடித்தேன், விசில். தூணில் எருமையைக் கட்டினேன், விசில். வெளிச்சுவரில் வறட்டி தட்டப் போன உங்கள் அக்காளுக்கும் விசில். "டேய், இது எங்க வூடுடா" என்றேன். "கோவிச்சுக்காதீங்கய்யா. உங்க வூடுதான், யார் இல்லைன்னாங்க? ஆனா நாளைக்கு ஆணி இருக்குதேன்னு கேட்டா நான்தானே பதில் சொல்லணும்" என்கிறான். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அதனால் திட்டவும் முடியவில்லை.

சிமெண்ட் முகப்பு கனவாகப் போயிற்று. வெள்ளையாவது அடிக்கலாம் என்று சுண்ணாம்பைத் தண்ணீர் ஊற்றித் தாளித்து நீலம் கலந்து வைத்தேன், அதற்கும் விசில். புகைக்கரியைக்கூடச் சுரண்டக் கூடாதாம். இதெல்லாம் போகட்டும். போன வெள்ளிக்கிழமை பந்தக்கால் நட நாள் பார்த்திருந்தோம். ஈசானிய மூலையில் குழி எடுக்கக் கடப்பாரையைத் தூக்கினேன். மதுரைவீரன் குறுக்கே வந்து நின்றான். "ஒரு சாண் குழிகூட எடுக்கக் கூடாதுங்கய்யா. சரசம்மா நான் தூக்கி வளத்த பொண்ணு, எனக்கு மட்டும் ஆசை இல்லையா?" என்று அவனும் கண் கலங்குகிறான், ஆனால் வழியை விடவில்லை. நேரம் தப்பிவிடும் என்று பயந்து, உரலை உருட்டி வந்து, அதன் குழியில் பந்தக்காலை நிறுத்தி, மண்ணைக் கொட்டி இறுக்கினோம். "எம் பொண்ணுக்கு உரல்லயா பந்தக்கால் நடணும்?" என்று நாராயணம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். ஒரே பெண் மைத்துனரே, அவளுக்கு ஒரு குழி தோண்ட முடியாத தகப்பனாகிவிட்டேன். மறுநாள் எருமை வந்து அதில் முதுகைத் தேய்த்துக்கொண்டது, பந்தக்கால் சாய்ந்துவிட்டது. ஊர் பார்ப்பதற்குள் நிமிர்த்திவிட்டோம், ஆனால் எல்லப்பன் பார்த்துவிட்டான். இந்தச் சகுனம் பேரிகைக்கு எட்டினால் திம்மராயன் கல்யாணத்தையே நிறுத்திவிடுவாரோ என்று எனக்கு உள்ளுக்குள் உதறல்.

ஆகையால், மைத்துனரே, நீங்கள் அங்கே இந்தப் போர்டு வைத்த இலாகாவுக்கு நேரில் போய், காலில் விழ வேண்டிய இடத்தில் விழுந்து, எங்கள் வீடு அப்படியொன்றும் பழையதல்ல, பாதுகாக்க வேண்டிய அவசியம் சிறிதும் இல்லை என்று எடுத்துச் சொல்லி, வைகாசிக்கு முன்னால் அந்தப் போர்டைப் பிடுங்க ஏற்பாடு செய்யவும். இது நடந்தால் சரசம்மாவின் முதல் பிள்ளைக்கு உங்கள் பேரையே வைக்கிறோம். தாய்மாமன் நீங்கள் முதல் நாளே வந்துவிட வேண்டும். உங்கள் சம்சாரத்துக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம். பட்டணத்துத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கவும்.

இப்படிக்கு,
உங்கள் நலமே நாடும்
ராமப்பன்.

பின்குறிப்பு: மேலே எழுதியது நேற்று. தபால் எடுத்துப் போய்விட்டார்கள் என்பதால் கடிதம் கையிலேயே நின்றுவிட்டது, அதுவும் நல்லதாகப் போயிற்று. இன்று காலை சம்பந்தி திம்மராயன் வந்தார். போர்டைத் தடவிக் கொடுத்து, "இதை முன்னாடியே சொல்ல வேண்டாமா சம்பந்தி?" என்றார். போர்டு நட்ட செய்தி ஊர்ப் பேச்சாகப் பேரிகைக்கு எட்டி, பெங்களூர் வரைக்கும் போய், பையனின் ஃபாக்டரி மானேஜரே பார்க்க வருகிறேன் என்றாராம். கிருஷ்ணகிரியில் அச்சடித்த பத்திரிகையைக் காட்டினார். 'சர்க்காரால் பாதுகாக்கப்பட்ட புராதன இல்லத்தில்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. பாதி ஊருக்குக் கொடுத்தும் ஆயிற்றாம். பந்தக்கால் சாய்ந்ததை நானே பயந்துகொண்டு சொன்னேன். "ஆகலி, ஆகலி, இருக்கட்டும், பழைய வூட்ல அப்படித்தான்" என்று கன்னடத்தில் பாதியும் தமிழில் பாதியுமாகச் சொல்லிவிட்டார். எனக்கு உயிர் வந்தது.

அவர் மோர் குடித்துக்கொண்டிருக்கும்போதே ஜீப்பில் ஒரு பெரிய ஆபீசர் வந்து இறங்கி, நம் தூண்களைத் தட்டிப் பார்த்து, "இதெல்லாம் புதுசாச்சே, யார் வெச்சது?" என்றார். என் அப்பா வைத்தது. பழைய தூண்கள் சரிந்தபோது கடன் வாங்கி, தர்மபுரியிலிருந்து கல் கொண்டுவந்து வைத்தார். எல்லப்பன் பாதியில்தான் எல்லாம் அந்தக் காலத்தில் வைத்தது வைத்தபடி இருக்கிறதாம், அவன் துணி துவைக்கிற கல்லில் எழுத்துகூட இருக்கிறதாம். அன்றைக்கு டேப்போடு வந்து அளந்த சின்ன ஆபீசர் கிழக்கு மேற்கை மாற்றி எழுதிவிட்டாராம். சம்பந்தி கண் எதிரிலேயே போர்டைப் பிடுங்கி அவன் வாசலில் நட்டுக்கொண்டிருக்கிறார்கள். மதுரைவீரனும் அங்கே போய் உட்கார்ந்துவிட்டான். திம்மராயன் சற்று யோசித்துவிட்டு, "பத்திரிகை அடிச்சாச்சு சம்பந்தி, போர்டு இருக்கற வூட்லயே வெச்சுக்கலாம், அவரும் உங்க ரத்தந்தானே?" என்கிறார். எல்லப்பன், அண்ணன் மகள் வேறு தன் மகள் வேறா என்று சொல்லி, அதற்குள் சந்தனக் கிண்ணத்தைத் துடைக்கிறான்.

ஆகையால் மேலே கேட்டுக்கொண்ட எதையும் செய்ய வேண்டாம். அந்தப் போர்டை எப்படியாவது நமக்கே திருப்பி வாங்கித் தரவும், சிமெண்ட் இன்னும் காயவில்லை. அது முடியாமல் போனாலும், கல்யாணத்துக்கு வரும்போது பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக எல்லப்பன் வீட்டுக்குப் போய்விடாதீர்கள். முதலில் நம் வாசலில் வந்து நின்று, அப்பா வைத்த தூணைத் தொட்டுப் பார்த்து, "அடேயப்பா, எத்தனை பழைய தூண்!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு, அதன்பிறகு உள்ளே வரவும்.